1947-இல் இல்லாத அரை மணி நேரம்

ஆகஸ்டு பிறந்துவிட்டால் ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவத் தொடங்கிவிடுகிறது. இந்தியா 15-ஆம் தேதியும் பாகிஸ்தான் 14-ஆம் தேதியும் விடுதலை நாள் கொண்டாடுவது ஏன் என்ற கேள்விக்கு அச்செய்தி தரும் விடை மிகச் சுருக்கமானது. இரு நாடுகளும் ஒரே நொடியில் விடுதலை பெற்றன. தில்லியில் அப்போது நள்ளிரவு 12 மணி. பாகிஸ்தான் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு அரை மணி நேரம் பிந்தியது. எனவே கராச்சியில் இரவு 11.30, அங்கே தேதி இன்னும் 14. கணக்கில் பிழை ஏதுமில்லை. கூட்டல் கழித்தல் அறிந்த எவரும் அதைச் சரிபார்த்துவிடலாம். அதனாலேயே அது அத்தனை நம்பகமாக ஒலிக்கிறது.

சென்ற வாரம் இளங்கலை மாணவி ஒருவர் எனக்கு அனுப்பிய கட்டுரையிலும் இவ்விளக்கம் இருந்தது. அவரைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டில், தில்லியில் ஒரு துறைக் கருத்தரங்கில் நானே இதைச் சொல்லி அவையைப் புன்னகைக்க வைத்திருக்கிறேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் மட்டும் புன்னகைக்கவில்லை. “அந்த அரை மணி நேரம் எந்த ஆண்டில் பிறந்தது?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. நேர வேறுபாட்டுக்கும் ஒரு பிறந்த தேதி இருக்கும் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இப்பதிவு அக்கேள்விக்குக் காலந்தாழ்ந்து எழுதப்படும் விடை. நீளமானது, பொறுத்துக்கொள்க.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அரை மணி நேரம் பிறந்தது 1951 செப்டம்பர் 30 அன்று. பாகிஸ்தான் தோன்றி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. 1947 ஆகஸ்டில் கராச்சியும் லாகூரும் தில்லியும் ஒரே கடிகாரத்தில்தான் இயங்கின. கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய இந்தியச் சீர்நேரமே பிரிவினைக்குப் பின்னும் மேற்குப் பாகிஸ்தானில் தொடர்ந்தது. மஹ்மூத் அன்வர் என்ற கணிதப் பேராசிரியரின் பரிந்துரையை ஏற்று, 1951-இல்தான் மேற்குப் பகுதியின் கடிகாரம் அரை மணி பின்னுக்குத் தள்ளப்பட்டு ஐந்து மணி நேர முந்தலாயிற்று. கிழக்கு வங்கத்தில் அதுவரை ஆறரையாக இருந்தது ஆறாகக் குறைக்கப்பட்டது. இன்று வாகாவிலும் பெனாப்போலிலும் எல்லை கடப்போர் தம் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் அந்த அரை மணி நேரங்கள் இரண்டும், மேற்கில் ஒன்று கழித்தலாகவும் கிழக்கில் ஒன்று கூட்டலாகவும், ஒரே ஆணையின் பிள்ளைகள்.

ஆகவே 1947 ஆகஸ்டு 14 நள்ளிரவில் தில்லியில் மணி 12 அடித்தபோது கராச்சியிலும் மணி 12-தான். அகில இந்திய வானொலியின் லாகூர் நிலையம் அந்த நள்ளிரவில்தான் பாகிஸ்தான் ஒலிபரப்பாகப் பெயர் மாறிப் பேசியது. கிழக்கு வங்கத்தை எண்ணிப் பார்த்தால் இக்கதை இன்னும் தடுமாறும். புதிய நாட்டின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கேதான் வாழ்ந்தனர். அங்கே கடிகாரம் இந்தியாவுக்கு முன்னால் ஓடியது. டாக்காவில் தேதி 15 ஆகிச் சற்று நேரம் கடந்த பிறகே தில்லிக்கு நள்ளிரவு வந்தது. கராச்சிக்கு மட்டும் ஒரு கணக்கும் டாக்காவுக்கு வேறொரு கணக்கும் வைத்துக்கொண்டால்தான் இவ்விளக்கம் நிற்கும். இந்திய விடுதலைச் சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தாலோ அதில் மணிக்கணக்கே கிடையாது. ஆகஸ்டு 15-ஆம் நாள் முதல் இரு டொமினியன்கள் அமையும் என்பதே அச்சட்டம் சொல்வது. நாளைத்தான் அது குறித்தது, நொடியை அன்று.

அப்படியானால் பாகிஸ்தான் ஏன் 14-ஐக் கொண்டாடுகிறது? முதலில் அது 14-ஐக் கொண்டாடவில்லை என்பதே உண்மை. மவுண்ட்பேட்டன் 14-ஆம் தேதி கராச்சியில் அரசமைப்பு அவையில் உரையாற்றிவிட்டு, தில்லியின் நள்ளிரவு நிகழ்வுக்காகத் திரும்பிவிட்டார். ஒரே நேரத்தில் இரு தலைநகரங்களில் ஒருவர் இருக்க இயலாது என்பதால் ஏற்பட்ட ஏற்பாடு அது. ஜின்னா தலைமை ஆளுநராகப் பதவியேற்றது 15-ஆம் தேதி. அன்றைய வானொலி உரையில் ஆகஸ்டு 15-ஐயே பாகிஸ்தானின் பிறந்த நாளாக அவர் குறிப்பிட்டார். அது ரமலான் மாதத்தின் இறுதி வெள்ளிக்கிழமையாகவும் அமைந்தது. 1948 ஜூலையில் பாகிஸ்தான் வெளியிட்ட முதல் நினைவு அஞ்சல்தலைகளில் பொறிக்கப்பட்டிருக்கும் தேதியும் 15 ஆகஸ்டு 1947-தான். அந்த அஞ்சல்தலைகள் அச்சாகி விற்பனைக்கு வருவதற்குச் சற்று முன்னர், ஜூன் இறுதியில், லியாகத் அலி கானின் அமைச்சரவை கூடி, விடுதலை நாளை இனி 14-இல் கொண்டாடுவதென முடிவெடுத்தது. ஆக இது ஓர் அமைச்சரவை முடிவு. கடிகாரத்துக்கு இதில் பங்கு இல்லை. பாகிஸ்தானின் பாடநூல்களில் மலிந்த வரலாற்றுப் பிழைகளை அடுக்கிக் காட்டிய கே.கே. அஜீஸ், ‘வரலாற்றின் கொலை’ என்று பொருள்படும் தம் நூலில் இந்த 14-ஐயும் சேர்த்திருக்கிறார்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 2008, 2009 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மின் சிக்கனம் கருதிப் பாகிஸ்தான் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அவ்விரு ஆண்டுகளின் ஆகஸ்டு மாதங்களில் பாகிஸ்தான் இந்தியாவுக்கு அரை மணி நேரம் முந்தியிருந்தது. வாட்ஸப் கணக்கின்படி அவ்விரு ஆண்டுகளிலும் அவர்களும் நம்மோடு 15-ஆம் தேதியே அல்லவா கொண்டாடியிருக்க வேண்டும்!

இனி, அந்த ஐந்தரை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரச் சிக்கலின் வேர் எல்லைக்கோடுகளுக்கு முந்தியது. மூன்று துறைமுக நகரங்களின் போட்டியில் அது கிளைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய், சென்னை, கல்கத்தா மூன்றும் தத்தம் வானத்துச் சூரியனைப் பார்த்துக் கடிகாரம் வைத்துக்கொண்டன. பம்பாய் கிரீனிச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முந்தியது. சென்னை 5 மணி 21 நிமிடம். கல்கத்தா 5 மணி 53 நிமிடத்துக்குச் சற்று மேல். இவ்வெண்களைக் கழித்துப் பார்ப்போர்க்கு ஒன்று புலப்படும். பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழச் சரியாக அரை மணி நேரம். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் இடையே 32 நிமிடம். யாரும் ஆணையிடாமலே, நிலநெடுங்கோட்டின் தற்செயலால் மட்டுமே, துணைக்கண்டம் அரை மணி அரை மணியாகப் பிரிந்து கிடந்தது. நடுவில் சென்னை.

நடுவில் இருந்ததோடு சென்னையிடம் வானாய்வகமும் இருந்தது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த அக்கட்டடம் இன்று இல்லை. கருவி தாங்கிய கருங்கல் தூண் மட்டும் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளின் எழுத்துப் பொறிப்போடு வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. கோல்டிங்காம் முதலியோர் அங்கிருந்து கணித்த நெடுங்கோடே நில அளவையாளர்க்கும் மாலுமிகளுக்கும் அடிப்படையாயிற்று. தந்தியும் புகைவண்டியும் பரவியபோது, ஊருக்கு ஒரு நேரம் என்பது கட்டுப்படியாகாமற்போகவே, 1870 அளவில் இரயில்வேயும் தந்தித் துறையும் சென்னை நேரத்தை நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டன. ஆயினும் நகரங்கள் தம் நேரத்தைக் கைவிடவில்லை. பம்பாய் நிலையத்துக்குள் ஒரு நேரம், நிலையத்துக்கு வெளியே தெருவில் அரை மணி குறைந்த நேரம். வண்டி பிடிக்கப் புறப்படும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் மனத்துக்குள் ஒரு நேர மாற்றக் கணக்கைப் போட்டாக வேண்டியிருந்தது. வண்டியைத் தவறவிடுவது என்றால் என்ன என்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

1881-இல் பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் இச்சிக்கலை ஓர் ஆணையால் தீர்க்க முயன்றார். அரசு அலுவலகங்கள் யாவும் இனிச் சென்னை நேரத்தில் இயங்கும் என்றார். நகரம் ஒப்பவில்லை. வணிகர் மன்றங்கள், செய்தித்தாள்கள், வழக்கறிஞர்கள் அனைவரும் எதிர்த்தனர். சென்னையின் சூரியன் பம்பாயில் ஏன் உதிக்க வேண்டும் என்பதே அவர்களது கேள்வியின் சாரம். ராஜாபாய் கோபுரத்துக் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்ட வேண்டும் என்பது பல்கலைக்கழகப் பேரவையின் விவாதமாயிற்று. பேரவை பம்பாய் நேரத்தின் பக்கம் நின்றது. இரண்டே ஆண்டுகளில், 1883-இல், அரசு பின்வாங்கியது. அரை மணி நேரம்தானே என்று இன்று நாம் நினைக்கலாம். அது யாருடைய அரை மணி நேரம் என்பதே அன்று வழக்கு.

இப்போட்டியை வேறொரு திசையிலிருந்து அணுகியவர் நிலவியல் ஆய்வாளர் ஆர்.டி. ஓல்டாம். 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய பெருநிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் அவர். அதிர்வு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்ற வேகத்தை அறிய, ஒவ்வோர் ஊரிலும் அது உணரப்பட்ட நேரம் தேவை. வந்து சேர்ந்த தகவல்களில் சில இரயில்வே நேரத்தில், சில ஊர் நேரத்தில், சில எந்தக் கடிகாரத்தின் நேரமென்றே விளங்காத நிலையில். ஒரு நிமிடப் பிழையே பெரிது என்ற கணக்கில் அரை மணி நேர ஐயம் இருந்தால் என்ன செய்வது? 1899-இல் வங்காள ஆசியக் கழகத்தில் இந்தியாவின் நேரமுறையைத் திருத்துவது பற்றி அவர் ஒரு கட்டுரை முன்வைத்தார். நிலநடுக்க அலைகளின் வகைகளைப் பிரித்துக் காட்டிய அறிவியலாளராகவே ஓல்டாமை உலகம் நினைவுகூர்கிறது. நேரத்தைப் பற்றிய அவரது அக்கறை அந்த ஆய்வுமேசையிலிருந்தே எழுந்தது என்பது என் கருத்து.

கர்சன் காலத்து அரசு இறுதியில் மூன்று நகரங்களில் எதற்கும் சொந்தமில்லாத ஒரு கோட்டைத் தேர்ந்தது. மிர்சாபூர் அருகே செல்லும் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகை. கிரீனிச்சுக்குச் சரியாக ஐந்தரை மணி நேரம் முந்தியது. பர்மாவுக்கு ஆறரை. 1905-இல் இரயில்வேயும் 1906 ஜனவரி 1 முதல் அரசும் இதை ஏற்றன. சென்னை தன் கடிகாரத்தை 9 நிமிடம் முன்னே தள்ளியது. பெரிய முணுமுணுப்பு இல்லை. கல்கத்தா 24 நிமிடம் பின்னே தள்ள வேண்டும். பம்பாயோ 39 நிமிடம் முன்னே. அம்மாதமே பம்பாய் ஆலைத் தொழிலாளர் சில ஆயிரம் பேர் தறிகளை விட்டு வெளியேறிக் கல்லெறிந்தனர். காலைச் சங்கு 39 நிமிடம் முந்தி ஊதினால் அவர்களது உறக்கம் 39 நிமிடம் குறைகிறது. இதை விளங்கிக்கொள்ள வானியல் தேவையில்லை. பம்பாயும் கல்கத்தாவும் தம் நகர நேரத்தை நாடு விடுதலை பெற்ற பின்னும் சில காலம் விடாமல் வைத்திருந்தன.

பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வாசிக்கும் மாணவர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். 1920-களில் கல்கத்தாவில் ஒருவர் ‘காலை 10 மணி’ என்று எழுதியிருந்தால், அது அரசு நேரமா, நகர நேரமா? விடை, எழுதியவர் யார், எங்கே இருந்து எழுதினார் என்பதைப் பொறுத்தது. இரயில்வே ஊழியருக்கு ஒரு பத்து; கடைக்காரருக்கு வேறொரு பத்து.

போர்க்காலம் இதில் இன்னொரு முடிச்சைப் போட்டது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியா முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டிருந்தது, ஐந்தரை ஆறரையாயிற்று. இதை மறந்து எழுதப்பட்ட ஆய்வேடுகளை நான் கண்டிருக்கிறேன். ஓர் எடுத்துக்காட்டு: 1945 ஆகஸ்டு 15 அன்று சப்பானியப் பேரரசரின் சரணடைவு உரை தோக்கியோ நேரம் நண்பகல் 12-க்கு ஒலிபரப்பானது. இன்றைய வழக்கப்படி மூன்றரை மணி நேரத்தைக் கழித்தால் இந்தியாவில் காலை 8.30. அன்றைய இந்தியக் கடிகாரமோ 9.30 காட்டியது. இணையத்தில் கிடைக்கும் நேர மாற்றிகள் சில இதையும் கணக்கில் கொள்கின்றன, சில கொள்வதில்லை. தேதியைக் கேட்காமல் விடை தரும் எந்தக் கருவியையும் வரலாற்று மாணவர் நம்பலாகாது.

டாக்காவுக்கு வருவோம். 1971 டிசம்பர் 16, ரம்னா குதிரைப் பந்தயத் திடல். நியாஜியும் அரோராவும் சரணடைவு ஆவணத்தில் கையொப்பமிட்ட நேரம் மாலை 4.31 என்று நூல்கள் சொல்கின்றன. அது இந்தியச் சீர்நேரம். அத்திடலில் கூடியிருந்த டாக்கா மக்களின் கைக்கடிகாரங்களில் 5.01. வங்கதேசத்து நினைவுக் கட்டுரைகளிலும் எந்தக் கடிகாரம் என்ற குறிப்பின்றி 4.31 என்றே இடம்பெறுவதைக் காணலாம்.

சிக்கல் இதோடு முடியவில்லை. பேச்சுவார்த்தையை நடத்திய ஜெனரல் ஜேக்கப், பிற்காலத்தில் எழுதிய நினைவு நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். ஆவணத்தின் தலைப்பிலேயே, இந்திய நேரம் 16.31-க்குக் கையொப்பமிடப்படும் என்று முன்கூட்டித் தட்டச்சு செய்யப்பட்டிருந்ததாம். தம் கடிகாரத்தைப் பார்த்தபோது அது 16.55 காட்டியதாம். அதாவது டாக்கா நேரம் 5.25. டிசம்பர் நடுவில் டாக்காவில் சூரியன் மறைவது உள்ளூர்க் கடிகாரப்படி ஏறத்தாழ 5.15-க்கு. தலைப்பில் உள்ள நேரத்தை ஏற்றால் கையொப்பம் சூரியன் மறையும் முன். ஜேக்கப்பின் கடிகாரத்தை ஏற்றால் மறைந்த பின். அன்றைய நிழற்படங்களை ஆராய்வோர்க்கு இந்த வேறுபாடு பயன்படும். டாக்காவில் மாலை 4.31 என்று பிழையாகக் கொண்டாலோ, வானில் சூரியன் இன்னும் முக்கால் மணி நேரம் மிச்சமிருப்பான். அத்திடலில் நின்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் மங்கிய அந்தி அந்த ஒரு பிழையால் பட்டப்பகலாகிவிடும்.

இதுவரை சொன்னவை யாவும் இரு நாடுகளுக்கு இடையிலான அரை மணி நேரங்கள். ஒரே நாட்டுக்குள், ஒரே மொழி பேசும் மக்களுக்கிடையே, ஒரு சோதனைச் சாவடியின் இருபுறமும் அரை மணி நேர வேறுபாடு இருந்த கதை நமக்கு மிக அருகில் நிகழ்ந்தது. அதைத் தமிழில் எழுதும் ஆய்வாளர்களே பலவேளை கவனிக்கத் தவறுகிறோம்.

இலங்கை 1906 முதல் இந்தியாவைப் போலவே ஐந்தரையில் இருந்தது. 1996-இல் வறட்சியால் நீர்மின் உற்பத்தி சரிந்தபோது, மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் எண்ணத்தில், மே 25 அன்று அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அது மிகுதி என்றாகி, அக்டோபர் 26 அன்று அரை மணி நேரம் பின்வாங்கி ஆறில் நிறுத்தியது. அந்த ஆறு பத்தாண்டுகள் நீடித்தது. பிள்ளைகள் இருட்டில் எழுந்து பள்ளிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது என்ற முறையீடு ஒருபுறம் தொடர, 2006 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 15 முதல் நாடு மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க் இத்திரும்புதலை எதிர்த்தவர்களுள் ஒருவர்.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996-இன் மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கே ஐந்தரையே தொடர்ந்தது. எனவே 1996 அக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை அப்பகுதிகளின் கடிகாரம் சென்னையோடும் தில்லியோடும் ஒத்துப்போனது. கொழும்போடும், வவுனியாவோடும், அரசின் கையில் இருந்த யாழ்ப்பாண நகரோடும் ஒத்துப்போகவில்லை. 2002-இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 சாலை திறந்தபோது ஓமந்தையைக் கடந்தவர்கள் அடையாள அட்டையோடு தம் கடிகாரத்தையும் மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வடக்கே போனால் அரை மணி குறையும்; தெற்கே வந்தால் கூடும். இரவு 11.30-இலிருந்து நள்ளிரவு வரை அந்தச் சாவடியின் இருபுறமும் தேதியே வேறு. நாள் குறித்து நிகழ்வுகளைப் பட்டியலிடும் ஆய்வாளருக்கு இது சிறிய செய்தியன்று. இரவில் நடந்த ஒரு தாக்குதலை ஒரு தரப்பின் அறிக்கை ஒரு நாளிலும் மறுதரப்பின் அறிக்கை அடுத்த நாளிலும் வைத்திருந்தால், இருவருள் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டும் முன் கடிகாரங்களைப் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலநடுக்கம் நிகழ்ந்தது கிரீனிச் நேரம் 0.58.53. சென்னையிலும் முல்லைத்தீவிலும் அப்போது காலை 6.29 ஆகும் தறுவாய். மட்டக்களப்பு நகரிலும் காலியிலும் 6.59. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. அத்தீவில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிற்பாடு திரட்டப்பட்ட வாய்மொழிச் சாட்சியங்களில் ‘எட்டரை இருக்கும்’, ‘ஒன்பது அடித்திருந்தது’ என்ற சொற்கள் வருகின்றன. முல்லைத்தீவுக்காரர் எட்டரை என்பதும் மட்டக்களப்புக்காரர் ஒன்பது என்பதும் ஒரே கணமாக இருக்கக்கூடும். இரண்டையும் அப்படியே அட்டவணையில் ஏற்றினால், அலை முல்லைத்தீவுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டதாகத் தோன்றும். மட்டக்களப்பை எச்சரிக்க அரை மணி நேரம் இருந்தது போலவும் தோன்றும். இல்லாத அந்த அரை மணி நேரத்தைச் சான்றாகக் கொண்டு யார் மீதாவது பழி சுமத்துவதும் நேரலாம். ஓல்டாம் 1897-இல் எதிர்கொண்ட அதே சிக்கல், நூறாண்டுகளுக்குப் பிறகு, நம் மொழியிலேயே.

படுவான்கரையில் வாழ்ந்து மட்டக்களப்பு நகரில் வேலை பார்த்தவர், வன்னியில் இருந்தபடி கொழும்பு வானொலியைக் கேட்டு வந்தவர் போன்றோர் விஷயத்தில் ஊரின் பெயரை வைத்து மட்டும் கடிகாரத்தை ஊகிக்கவும் முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். சாட்சியம் சொன்னவர் இன்று இல்லையென்றால், அவர் தம் பேச்சில் வேறு எதையாவது, ஒரு வானொலிச் செய்தி, கோயில் பூசை, பேருந்து, குறிப்பிட்டிருக்கிறாரா என்று தேட வேண்டும்.

பேராசிரியரின் கேள்விக்குப் பின் என் குறிப்பேட்டு முறையையே மாற்றிக்கொண்டேன். மூலத்தில் உள்ள நேரத்தை எழுத்துப் பிசகாமல் முதலில் எழுதுகிறேன். அருகில், அது எந்தக் கடிகாரம் என்பதையும், அதை நான் எதைக் கொண்டு முடிவு செய்தேன் என்பதையும் எழுதுகிறேன். அதன் பின்னரே கிரீனிச்சுக்கு மாற்றுகிறேன். அங்கிருந்து வேண்டிய ஊருக்கு. ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு நேரே அரை மணியைக் கூட்டவோ கழிக்கவோ செய்வதை நிறுத்திவிட்டேன். பிழை நுழைவது பெரும்பாலும் அந்தக் குறுக்குவழியில்தான். எந்தக் கடிகாரம் என்பது தெரியாத இடத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடுகிறேன். என் அட்டவணைகளில் வெற்றுக் கட்டங்கள் நிறைய உண்டு.

மாணவியின் கட்டுரையைத் திருத்தவில்லை. அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி மட்டும் எழுதி அனுப்பினேன்: “இந்த அரை மணி நேரம் எந்த ஆண்டில் பிறந்தது?” நேற்றிரவு 11.40-க்குப் பதில் வந்தது. 1951 என்று எழுதி, அதற்கடியில் 1948 அஞ்சல்தலை ஒன்றின் படத்தையும் இணைத்திருந்தார்.